தெளிவாக வந்த எட்டு

சேலம்
5.11.2023

அன்புள்ள தங்கை கோகிலாவுக்கு, அண்ணன் தமிழ்செல்வன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சிறைச்சோறு மோசமில்லை. அப்பா, அம்மா, நீ எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன வாரம் அம்மா ஜெயிலுக்கு மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுததுதான் மிச்சம். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எத்தனை தடவை சொன்னேன் சாமி" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். எனக்குப் புத்தி மட்டு இல்லை. சென்றாயன் பெரியப்பன் மகன்தான். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்துச் சோளக்காட்டுச் சந்தைக்குத் தூக்கிப் போனவன்தான். அதற்காக நம் மேட்டுக்காட்டை அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? போனில் பாகப் பத்திரத்தின் பேப்பர் வந்துவிட்டது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் பங்கு சர்வே எண் 288. அதாவது மேட்டுக்காடு. பளிச்சென்று இருந்தது.

அவன் பேப்பரைப் பார்க்கவே மாட்டேன் என்றான். ஈரத்துணி கட்டிக்கொண்டு, கூடையில் மண் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். மண் சுமந்தவன் நடந்து முடித்துவிட்டால் அதற்குப் பிறகு எவனும் வாய் திறக்கக் கூடாதாம். இது என்ன காலம்? ஊரே கைகட்டிக்கொண்டு பார்த்தது. "உன்ற மண்ணு எனக்கெதுக்குடா? பேப்பரு வந்திருச்சு, எறக்குடா கூடையை" என்றேன். "பேப்பரு பொய் சொல்லும் தமிழு, மண்ணு சொல்லாது" என்று சொல்லிவிட்டு நடந்தான். கொடுவாள் என் கையில் இருந்தது.

கழுத்தில் ஒரே வெட்டு. கூடை சரிந்து மண் முழுக்க அவன் முகத்தில் கொட்டியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், ரத்தமும் மண்ணும்தான் வந்தன. நான் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அது போகட்டும். மூட்டை எப்படிப் போகிறது? பைலைச் சுருக்கும் மென்பொருள் செய்து என் தங்கை கம்பெனி நடத்துகிறாள் என்றால் இங்கே ஒருவனும் நம்பவில்லை. "கொல்லிமலையில கம்பெனியா? தேன் கம்பெனியா?" என்று சிரிக்கிறார்கள். கதையை ஆரம்பத்திலிருந்து எழுதி அனுப்பு. சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். அதற்குப் பிறகும் சிரிப்பவனுக்குப் பல் இருக்காது.

அப்பாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்.

உன் அண்ணன்
தமிழ்செல்வன்

---

செம்மேடு
26.11.2023

அன்பு அண்ணனுக்குக் கோகிலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதுவே சுகம்தான். உங்களுக்கு அந்த மூச்சிரைப்பு திரும்ப வரவில்லையே?

ஊரில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. அம்மா குடத்தோடு போனால் குழாயடி காலியாகிறது. "வெட்டுனதைக்கூடப் பொறுத்துக்கலாமுங்க, தலையில மண்ணு இருக்கறப்ப வெட்டுனதை எப்படிங்க பொறுக்கறது?" என்று ஊர்க்கவுண்டர் அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். சென்றாயன் அண்ணனின் தம்பி மாதேஸ்வரன் போன வாரம் நம் மிளகுக் கொடிகளை எல்லாம் அடியோடு வெட்டிப்போட்டான். காய் பிடித்திருந்த கொடிகள். நான் எதிரே போய் நின்றபோது அரிவாளை என் மோவாய்க்குக் கீழே வைத்து, "உங்கண்ணன் கத்துக்குடுத்ததுதான்" என்றான். சென்றாயன் அண்ணன் போனதிலிருந்து அவர் மனைவி அருணா அண்ணி வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை.

மூட்டை கதையைக் கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? உங்கள் கூட்டாளிகளுக்காக எழுதுகிறேன்.

ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து செம்மேடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஆன்லைன் கடை போட்டேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா விண்ணப்பம், இவைதான் வேலை. மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். சிக்னல் இருந்தால் பைல் பெரிதாக இருக்கிறதென்று அரசுத் தளம் திருப்பி அனுப்பிவிடும். ஒரு நாள் நம் மலையின் குண்டூர் நாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் சேரக் கடைசி நாள். சாயங்காலம் வரை முயன்றும் அவளுடைய சான்றிதழ் ஏறவே இல்லை. ஓங்கி மானிட்டரில் ஓர் அறை அறைந்தாள். கண்ணாடி விரிசல் விட்டது, அவள் கையெல்லாம் ரத்தம். கட்டுப்போட்டுக்கொண்டே யோசித்தேன். எல்லாச் சான்றிதழும் ஒரே அச்சு, பெயரும் எண்ணும் மட்டும்தானே மாறுகின்றன? அச்சை இரண்டு பக்கமும் ஒருமுறை வைத்துவிட்டு, மாறுவதை மட்டும் அனுப்பினால் போதாதா?

செய்து முடித்தபோது அப்பாதான் பெயர் வைத்தார். "குச்சிக்கெழங்கு மூட்டையாட்டம் அமுக்கிக் கட்டிப்போட்டியா கண்ணு?" என்றார். பேட்டரியை நீங்கள் வண்டியில் கட்டி மலையேற்றியதும், நம் கரண்ட் ஒயரைப் பிடுங்கிய பக்கத்துக் கடைக்காரரின் ஷட்டரை நீங்கள் மிதித்து வளைத்ததும் கம்பெனி வரலாற்றில் சேர்ந்ததுதான். ஷட்டர் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

முதலில் மலையில் இருந்த கடைகள் வாங்கின. பிறகு நாமக்கல் வக்கீல் குமாஸ்தாக்கள், ஜெராக்ஸ் கடைகள். அப்புறம்தான் சபரீஷ் வந்தார். சேந்தமங்கலத்துத் தோட்டக்காரர் மகன், கோயமுத்தூரில் வேலை பார்த்தவர். பங்காளியாகச் சேர்த்துக்கொண்டேன். "இன்னுங் கொஞ்சம் சுருக்கிக் குடுங்க, பைனான்ஸ் கம்பெனிக்காரங்களைக் கூட்டியாறேன்" என்றார். போன ஆடியில் மூன்றாம் பதிப்பு போட்டோம். அதில் எழுத்தின் உருவத்தையே ஒருமுறைதான் வைக்கிறோம். ஒரு பக்கத்தில் எத்தனை 'அ' இருந்தாலும் ஒரே 'அ'வை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். மங்கிய எழுத்தும் புதிது போல ஆகிவிடுகிறது. அதற்காகவே வாங்குகிறார்கள். நம் நிலத்துப் பேப்பர் நாமக்கல்லிலிருந்து உங்கள் போனுக்கு வந்ததும் அதில் கட்டித்தான்.

இப்போது பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். எல்லோரும் மலைப் பிள்ளைகள். கூட்டாளிகளின் பல்லை விட்டுவையுங்கள்.

தங்கை
கோகிலா

---

சேலம்
10.12.2023

அன்புள்ள கோகிலாவுக்கு, அண்ணன். சுகமே. அங்கே பனி அதிகமென்று அம்மா சொன்னாள், அப்பாவுக்குக் கம்பளி எடுத்துக் கொடு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மானிட்டரை அறைந்த பெண்ணைப் பற்றிக் கேட்டதும் கைதட்டினார்கள். வார்டர்கூட நின்று கேட்டார். "உந்தங்கச்சி பெரிய ஆளுதாம்ப்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாதேஸ்வரன் விஷயத்தை மட்டும் யாருக்கும் படிக்கவில்லை. உன் மோவாயில் அரிவாள் வைத்த கை எந்தக் கை? இடதா வலதா? எழுது. வெளியே வந்த அன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.

வக்கீல் ஜாமீன் மனு போடுகிறாராம். நாமக்கல் பத்திர ஆபீசில் நம் பத்திரத்தின் நகல் இருக்கிறது. குமாஸ்தாவை நம்பாதே, நீயே போய் வாங்கிக் கொடு. என் நிலத்தில் அத்துமீறி வந்தவனைத்தான் வெட்டினேன் என்று நீதிபதிக்குத் தெரியட்டும். சொந்தக் காட்டுக்காக வெட்டியவனும் போதையில் வெட்டியவனும் ஒன்றா?

மனு பார்க்க நீ ஒருமுறைகூட வரவில்லையே அம்மிணி. பெரிய முதலாளி ஆகிவிட்டாயா?

தமிழ்செல்வன்

---

செம்மேடு
21.1.2024

அன்பு அண்ணனுக்கு, கோகிலா. நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள்.

நாமக்கல் போய் நகலை வாங்கினேன். ஜாமீன் மனு தள்ளுபடியானது உங்களுக்கே தெரியும். வேலை அதிகம், அதனால்தான் வர முடியவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள். மூட்டையை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது போலிருக்கிறது. சபரீஷுக்குக் கால் தரையில் படவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அன்றைக்கு நீங்கள் போனில் மட்டும்தான் பார்த்தீர்களா? காகிதத்தில் யாராவது உங்களுக்குக் காட்டினார்களா? சர்வே நம்பரில் கடைசி எண்ணைப் படித்தது நீங்கள்தானா, வேறு யாராவது படித்துச் சொன்னார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகிலா

---

சேலம்
4.2.2024

அன்புள்ள தங்கைக்கு, தமிழ்செல்வன். இருக்கிறேன். உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை.

இது என்ன போலீஸ்காரன் கேட்கிற மாதிரிக் கேள்வி? நான்தான் படித்தேன். போனில்தான். எனக்கு எட்டு தெரியாதா? சந்தையில் எடைக்கல் பார்த்து வளர்ந்தவன். அந்தப் பேப்பரில் மற்றதெல்லாம் பழைய எழுத்து என்றாலும் எண்கள் கல்வெட்டு மாதிரி நின்றன. உன் மூட்டை கட்டி அனுப்பிய பேப்பர் அம்மிணி, உனக்கே சந்தேகமா?

உதடு எப்படிக் கிழிந்தது என்றால், தர்மபுரிக்காரன் ஒருவன், "மண்ணு சொமக்கறவனை வெட்டுனவன் வெளங்குவானா?" என்றான். அவன் ஊரிலும் அந்த வழக்கம் உண்டாம். சோற்றுத் தட்டாலேயே அவன் வாயில் அடித்தேன். அவன் என் உதட்டைக் கடித்தான். எங்களைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நிலம் எனக்கு, எண் எனக்கு. நான் ஏன் விளங்கமாட்டேன்?

பெங்களூர்க்காரனிடம் விலை குறைத்துப் பேசாதே.

அண்ணன்

---

நாமக்கல்
14.4.2024

அன்பு அண்ணனுக்கு, கோகிலா எழுதுவது. சித்திரை முதல் நாள் வணக்கம். எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே புது ஆபீஸ் திறந்திருக்கிறோம், நான் வாரத்தில் பாதி நாள் இங்கேதான். மூட்டை இப்போது நாலு மாவட்டத்தில் ஓடுகிறது. பெங்களூர்க்காரர்கள் ஆவணியில் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டார். பதறாதீர்கள். பங்குனி நோன்புச் சாட்டுத் திருவிழாவில் மாதேஸ்வரன் குடித்துவிட்டு வந்து தடியால் அடித்தான். தோள்பட்டை முறிந்தது, காதுக்குப் பின்னால் தையல். விழுந்த பிறகும் அடித்திருக்கிறான். அருணா அண்ணிதான் குறுக்கே விழுந்து தடுத்தாராம். அவர் கையிலும் அடி. அப்பா போலீசில் புகார் கொடுக்க மாட்டேன் என்கிறார். "எனக்குச் சேர வேண்டியதுதாங் கண்ணு" என்கிறார்.

அண்ணா, மேட்டுக்காட்டை அருணா அண்ணிக்கே விட்டுவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் நல்லது. நீங்கள் சம்மதித்து ஒரு வரி எழுதுங்கள்.

கோகிலா

---

சேலம்
24.4.2024

கோகிலாவுக்கு.

நலம் விசாரிக்க மனமில்லை. அப்பாவின் மண்டையைப் பிளந்தவன் வீட்டுக்கு நம் காட்டை எழுதிக் கொடுக்க வேண்டுமா? யார் கொடுத்த யோசனை இது, சபரீஷா? அவனையும் நான் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

அந்தக் காட்டை விட்டுவிட்டால் நான் எதற்காக வெட்டினேன்? சொல். ராத்திரி கண்ணை மூடினால் அவன் வாயில் மண் கொட்டுகிறது. கண்ணைத் திறந்து, காடு நம்முடையது, 288, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதைச் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அதைப் பிடுங்காதே.

சம்மதம் இல்லை. இனி இந்தப் பேச்சை எடுத்தால் நீ எனக்குத் தங்கை இல்லை.

தமிழ்செல்வன்

---

சேலம்
9.6.2024

கோகிலாவுக்கு, அண்ணன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அப்பாவின் தோள் தேவலையா?

இங்கே புதிதாக முரளி என்று ஒருவன் வந்திருக்கிறான். மலையடிவாரத்துக்காரன், உன் வயதுதான் இருக்கும். கிணற்றுச் சண்டையில் தாய்மாமன் வெங்கிடுசாமியைக் குத்திக் கொன்றுவிட்டான். தன் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்ட மாமனை, குடல் சரிய, அந்தக் கிணற்று மேட்டிலேயே. என்னைப்போல வாயடிப்பதில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறான்.

நேற்று அவனுடைய வக்கீல் வந்துவிட்டுப் போனார். அதிலிருந்து அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டே இருக்கிறான். பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "போன்ல வந்த பேப்பர்ல கெணறு எங்க நெலத்துலன்னு இருந்துச்சுங்ணா. வக்கீலு அசலை எடுத்துப் பார்த்திருக்காரு. அதுல மூணுன்னு இருக்குதாம். எம்பட போன்ல எட்டுங்க. நல்லாத் தெளிவா எட்டுங்க" என்றான்.

பேப்பர் எப்போது வந்தது என்று கேட்டேன். மார்ச்சில் என்றான். எப்படி வந்தது என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மூட்டை கட்டி அனுப்பினார் என்றான்.

நான் யார் தங்கைக்கு அண்ணன் என்று அவனிடம் சொல்லவில்லை. கூட இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

கோகிலா, நாமக்கல்லில் நீ வாங்கிய நகலில் கடைசி எண் என்ன? கதை வேண்டாம், சமாதானம் வேண்டாம். ஒரு கார்டில் ஒரே ஓர் எண்ணை எழுதி அனுப்பு.

தமிழ்செல்வன்

---

செம்மேடு
1.7.2024

அன்பு அண்ணனுக்கு, கோகிலா. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

6

தங்கை
கோகிலா

---

சேலம்
8.7.2024

கோகிலாவுக்கு.

கார்டு வந்தது. நம் பங்கு 286, அது பள்ளத்துப் பாறை. மேட்டுக்காடு அவனுடையது. நான் அவன் நிலத்தில் நின்றுகொண்டு, அவன் நிலத்து மண் அவன் தலையில் இருக்கும்போது, அவனை வெட்டினேன். என் அண்ணனை வெட்டினேன். தோளில் தூக்கிப் போனவனை. கையைச் சுவரில் குத்திக் குத்தி விரல் இரண்டு முறிந்தது. இந்தக் கோணல் எழுத்து இடது கையால் எழுதியது.

எண்ணை மாற்றியது இயந்திரம். அது அன்றைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்காக உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். போனில் மட்டும்தான் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாய். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது. முரளிக்குப் பேப்பர் வந்தது மார்ச்சில். அவன் குத்தியது மே மாதம். நடுவில் நீ எனக்குச் சித்திரை வாழ்த்து எழுதினாய், நாலு மாவட்டத்தில் ஓடுகிறது என்று எழுதினாய்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் ஒரு ஆளை வெட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நீ வாயை மூடிக்கொண்டு ஆபீஸ் திறந்தாய். நம் இருவரில் யார் கொலைகாரர் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

முரளி எனக்கு அடுத்த பாயில் படுக்கிறான். அவனுக்கு இன்னும் தெரியாது. நாலு மாவட்டத்தில் எவன் எவன் போனில் எந்த எட்டு உட்கார்ந்திருக்கிறதோ, எவன் வீட்டில் அரிவாள் தீட்டுகிறானோ. நிறுத்து. பெங்களூர்க்காரன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிறுத்து. இல்லையென்றால் நான் இங்கே வார்டரைக் கூப்பிட்டுச் சொல்வேன், என் தங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போடுங்கள் என்று.

தமிழ்செல்வன்

---

செம்மேடு
18.8.2024

அன்பு அண்ணனுக்கு, கோகிலா. விரல் கூடிவிட்டதா? கட்டை அவிழ்க்க அவசரப்படாதீர்கள். அப்பாவால் இப்போது தோளைப் பாதிவரை தூக்க முடிகிறது.

நிறுத்திவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் மூட்டையை எல்லா ஊரிலும் அணைத்தேன். பதினோரு பிள்ளைகளும் நானும் உட்கார்ந்து, மூன்றாம் பதிப்பில் பேப்பர் கட்டிய ஒவ்வொரு கடைக்கும் போன் செய்தோம். அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எண்ணை நம்பாதீர்கள் என்று. நிறையப் பேர் திட்டினார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு பெரியவர் மட்டும், "நல்லவேளை சொன்னீங்க சாமி, நாளைக்குத்தான் வேலியப் புடுங்கறதா இருந்தோம்" என்று அழுதார்.

சபரீஷ் கடப்பாரையோடு வந்தார். அவர் அப்பாவின் தோட்டத்தை அடமானம் வைத்துத்தான் நாமக்கல் ஆபீஸ் எடுத்தோம், அது உங்களுக்குத் தெரியாது. மெஷின் ஒன்று விடாமல் உடைத்தார். நான் குறுக்கே போனதும் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து நெரித்தார். "ஆவணி வரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு? ஆவணி வரைக்கும்!" என்று கேட்டுக்கொண்டே நெரித்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பிடித்து இழுத்தார்கள். ஏழு மாதமாக நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அண்ணா. ஆவணி வரைக்கும்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். குற்றமில்லாதவரை வெட்டிவிட்டீர்கள் என்று உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கம்பெனி. மங்கிய எழுத்தை மங்கலாகவே விட்டிருந்தால் நீங்கள் சந்தேகப்பட்டிருப்பீர்கள். மூட்டை மங்கிய ஆறை எட்டென்று எடுத்து வேறோர் எட்டை அங்கே ஒட்டிவிட, நான் தெளிவாக்கிக் கொடுத்தேன். அதற்குத்தான் விலை பேசினார்கள். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. முரளி என்று ஒருவர் இருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில்தான் படித்தேன். படித்துவிட்டும் கார்டு எழுதப் பல நாள் ஆனது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மேட்டுக்காட்டில் உரிமை இல்லை என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டு அருணா அண்ணியிடம் கொடுத்துவிட்டார். அண்ணி வாங்கிக்கொண்டார். போலீசிலும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மேல் வழக்கு வரும். நான் கோர்ட்டில் சாட்சி சொன்னால் உங்கள் தண்டனை குறையலாம் என்கிறார் வக்கீல். சொல்கிறேன். முரளியிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய?

தங்கை
கோகிலா

---

சேலம்
15.9.2024

அன்புள்ள தங்கை கோகிலாவுக்கு, அண்ணன் தமிழ்செல்வன் எழுதுவது. விரல் கூடிவிட்டது. முன்பல் இரண்டு போய்விட்டது, அதைக் கீழே எழுதுகிறேன். உன் கழுத்து வலி போய்விட்டதா?

சாட்சி சொல். முரளிக்காகச் சொல். எனக்காக வேண்டாம். எனக்கு நீதிபதி என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். பல நாளாக ஒன்றைத்தான் யோசிக்கிறேன். அந்த எண் நிஜமாகவே எட்டாக இருந்திருந்தால்? காடு என்னுடையதாகவே இருந்திருந்தால், அண்ணனின் கழுத்து எனக்குச் சொந்தமா? எட்டுக்கும் ஆறுக்கும் நடுவில் நீ செய்த தப்பு இருக்கிறது. என் தப்பு அதில் இல்லை, தனியாக நிற்கிறது.

முரளியிடம் நானே சொன்னேன். சோற்று வரிசையில் வைத்துச் சொன்னேன், நாலு பேர் இருக்கட்டும் என்று. முதலில் அவனுக்குப் புரியவில்லை. "ஏனுங்ணா, அப்ப எங்க மாமன் சொன்னது நெசமுங்களா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். "உங்க தங்கச்சிக்குத் தெரியுமுங்களா?" என்றான். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றான். அதையும் சொன்னேன்.

அலுமினியத் தட்டால் என் வாயில் அடித்தான். விழுந்த பிறகும் காலால் மிதித்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒருமுறைகூடத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். வார்டர் கேட்டதற்கு வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன்.

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வெளியே போகிறான். நேற்று என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க ஊடு எங்கீங்க?" என்று கேட்டான். சொல்லாமல் இருந்தால் நீ செய்ததையே நானும் செய்ததாகும். செம்மேட்டில் எந்த பஸ்ஸில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எல்லாம் சொல்லிவிட்டேன்.

வந்தால் கதவைத் திற. உட்காரச் சொல். அப்பாவையும் அம்மாவையும் அன்றைக்கு வேறெங்காவது அனுப்பிவிடு. அவன் எதைக் கேட்டாலும் எனக்கு எழுதியதைப் போலவே பதில் சொல், பாதியை வைத்துக்கொள்ளாதே. சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன், வெறுங்கையோடுதான் போவேன் என்கிறான். நானும் அன்றைக்கு அம்மாவிடம் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மிணி. அவன் வந்துவிட்டுப் போன பிறகு எனக்கு ஒரு கார்டு போடு.

உன் அண்ணன்
தமிழ்செல்வன்